மைக் வைத்து ஊருக்குச் சொன்னோம், மகளுக்குச் சொன்னோமா?

இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் ரோட்டில் ரெட்டியார்பாளையம், மூலக்குளம் என்று பஸ்ஸில் வருகிற சகோதரிகள் கவனித்திருப்பீர்கள். முகூர்த்த நாள் என்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் பேனர்தான். கல்யாண ஜோடிகளுக்கு நடுவே பட்டுப் பாவாடை தாவணியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தலை நிறையப் பூவும் நெற்றிச்சுட்டியுமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். ‘மஞ்சள் நீராட்டு விழா’ என்று முழ நீள எழுத்து. பெண்ணின் பெயர், மண்டபத்தின் பெயர், தாய்மாமன் பெயர், அந்த மாமன் கட்சியில் என்ன பதவியில் இருக்கிறார் என்பது வரைக்கும் போட்டிருக்கும். மண்டபத்தில் மைக், பாட்டு, பன்னீர், பிரியாணி. இந்த வீட்டுப் பெண் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி சொன்ன பதில் இது: “தெரியாது அத்தை. இனிமே பசங்களோட வெளையாடக் கூடாதுன்னு ஆயா சொன்னாங்க.” அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பாடம்.

புட்டு சுற்றியாயிற்று. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாயிற்று. களி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வளருகிற உடம்புக்கு உளுந்தும் எண்ணெயும் நல்லதுதான். வயிற்றுக்குக் கொடுத்ததில் கால் பங்காவது காதுக்கும் கொடுக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

என் பெண் ஏழாவது படிக்கிறாள், பையன் ஒன்பதாவது. சில மாதங்களுக்கு முன்னால் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு லேடி டாக்டரை அழைத்து வகுப்பு நடத்தப் போகிறார்களாம்; பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பள்ளியின் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது பின்னால் உங்களுக்கே புரியும்.

பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் பாருங்கள், அப்படி ஒரு அமளி! “இன்னாங்க இது, சும்மா இருக்கிற புள்ளைங்களுக்கு நாமளே சொல்லிக்குடுத்துக் கெடுக்கிறதா?” என்றார் ஒரு அம்மா. “நமக்கெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா? நாம புள்ள பெத்துக்கலையா?” என்று இன்னொருவர் கேட்க, கூட்டமே சிரித்துவிட்டது. நானும்தான் சிரித்தேன். கடைசியில் ஒரு சமரசம்: வகுப்பு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கும், அந்த ஒரு மணி நேரமும் பையன்கள் மைதானத்தில் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

அப்படியே நடந்தது. என் பெண் நாப்கின் பாக்கெட் ஒன்றும் துண்டுப் பிரசுரம் ஒன்றுமாக வந்தாள். பையன் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தான்.

‘நமக்கெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா’ என்று கேட்டார்களே, அதற்குப் பதில் இருக்கிறது. சுவர் சொல்லிக்கொடுத்தது! 1968-ல் அரசாங்கம் ‘நிரோத்’ கொண்டுவந்த நாளிலிருந்து சிவப்பு முக்கோணம் போடாத ஆஸ்பத்திரிச் சுவர் உண்டா? பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “இது இன்னாம்மா?” என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும். அதற்கும் முன்னாலேயே, 1930-களில், கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் பகிரங்கமாக எழுதினார். பம்பாய்ப் பக்கத்தில் ர. தோ. கார்வே என்ற கணித ஆசிரியர் இதற்காகவே ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்று ஒரு பத்திரிகையை 1927 முதல் 1953 வரை நடத்தினார். வேலை போயிற்று, கோர்ட்டு வாசல் ஏறினார், பத்திரிகையை மட்டும் விடவில்லை. நம் தலைமுறைக்கு விஜய் டி.வி.யில் டாக்டர் மாத்ருபூதத்தின் ‘புதிரா புனிதமா’ இருந்தது. நிகழ்ச்சி ஆரம்பித்ததும் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், அம்மா சேனலை மாற்றிவிடுவாள்.

பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று ஆரம்பித்து, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இருப்பேன் என்று டி.வி.யில் சொல்லுகிற வைத்தியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தூக்கத்தில் விந்து வெளிப்படுவது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனுக்குச் சாதாரணம். சளி, வியர்வை மாதிரி உடம்பின் இயல்பு அது. இதை வியாதி என்று பயமுறுத்தி எத்தனை பேர் எத்தனை பணம் பறித்திருக்கிறார்கள்! இந்தப் பயத்துக்கு மனநோய் மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. ‘தாத்’ நோய்க்குறி என்று 1960-ல் டாக்டர் விக் என்பவர் வைத்தது. உலகத்துக்கு நம் தேசம் அளித்த நோய்களில் அதுவும் ஒன்று. பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்தக் காலத்துப் பையனுக்கு லாட்ஜ் வைத்தியரும் வேண்டாம். கையில் செல்போன் இருக்கிறது. அதில் கண்டதையெல்லாம் பார்த்து, அதுதான் ஆண், அதுதான் பெண் என்று எடுத்துக்கொள்கிறான். ‘சும்மா இருக்கிற புள்ளை’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை சும்மா இல்லை. வகுப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, வாத்தியார்தான் சரியில்லை.

சரி, பாடப் புத்தகத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் புதுவை அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. 2025-ல் வந்த ஏழாம் வகுப்புப் புது அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்துக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. முன்பு எட்டாவதில் வைத்திருந்ததை ஒரு வருஷம் முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்ல காரியம். பத்தாவதில் இனப்பெருக்கப் பாடத்தில் கருத்தடை வரைக்கும் வருகிறது. ஆனால் அந்தப் பக்கம் வந்ததும், “இதை வீட்ல படிச்சுக்குங்க” என்று புரட்டிவிடுகிற டீச்சர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் நம்மைப் போல ஒரு வீட்டில் வாயைப் பொத்தி வளர்ந்தவர்தானே?

இந்தக் கூச்சம் பெரிய இடங்களிலும் உண்டு. 2005-ல் மத்திய அரசு பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த நேரம். 2007-ல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம் என்று மாநிலம் மாநிலமாகத் தடை போட்டார்கள். படங்கள் ஆபாசம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றார்கள். 2009-ல் வெங்கய்ய நாயுடு தலைமையில் ராஜ்ய சபையின் மனுக்கள் குழு, இதெல்லாம் பிளஸ் டூ அளவில் உயிரியல் பாடத்தோடு இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டது. பிளஸ் டூவில்! அதற்குள் பெண் பெரியவளாகி ஐந்து வருஷம் ஆகியிருக்கும். அதுவும் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு மட்டும். காமர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு உடம்பே கிடையாதா?

வேடிக்கை என்னவென்றால் அதே 2007-ல்தான் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் அறிக்கையும் வந்தது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டிருந்தார்கள். ஏதாவது ஒரு விதத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். பாதிக்கு மேல்! தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அப்படிச் சொன்ன பிள்ளைகளில் பையன்கள் 52.94 சதவீதம். பெண்களைவிட ஒரு கை அதிகம். இந்தக் கணக்கைத்தான் நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். பையனை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்ணை மட்டும் உட்காரவைத்த அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

2024 மார்ச்சில் நம் புதுவையில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை யார் மறக்க முடியும்? கடை அடைத்தோம், மெழுகுவத்தி ஏந்தினோம். கைதானவர்கள் அந்தப் பகுதியிலேயே வசித்தவர்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு, “பொண்ணை வெளிய வுடாதே.” விளையாடப் போகக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது. யாராவது தொட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று உட்காரவைத்துச் சொன்ன வீடு எத்தனை? பூட்டி வைப்பது சுலபம். பேசுவதற்குத்தான் நாக்கு எழவில்லை.

சொன்னால் கெட்டுப்போவார்கள் என்கிற பயத்தையும் பார்த்துவிடுவோம். யுனெஸ்கோ 2009-ல் இதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பல தேசத்து ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் திருத்திப் போட்டது. முறையாகச் சொல்லிக்கொடுத்ததனால் பிள்ளைகள் சீக்கிரம் தவறிப்போவதில்லை, சொல்லப்போனால் தள்ளிப்போடுகிறார்கள் என்பதுதான் அதில் கண்டது. சுவீடனில் 1955-லிருந்தே பள்ளியில் கட்டாயப் பாடம். அங்கே ஒன்றும் வானம் இடிந்து விழவில்லை.

வெளிநாட்டுப் பேச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பாரீசுக்கு ஒரு கால், உழவர்கரைக்கு ஒரு கால் என்று இருக்கிற குடும்பங்கள் எத்தனை! என் நாத்தனார் அங்கேதான் இருக்கிறாள். பிரான்சில் 2001-லேயே சட்டம் போட்டார்கள், வருஷத்துக்கு மூன்று வகுப்பாவது நடத்த வேண்டும் என்று. “சட்டம் இருக்குது அண்ணி, பாதி ஸ்கூல்ல நடக்கறதில்ல” என்பாள் அவள். 2025-ல் புதிதாகப் பாடத்திட்டம் போட்டு, சின்ன வகுப்பில் உறவு, மரியாதை என்று தொடங்கி, மேலே போகப் போக மற்றதைச் சொல்கிறார்கள். அங்கேயும் பெற்றோர் சண்டை போடாமல் இல்லை. தாய் மனசு எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நம் தேசத்திலும் தடை போடாத இடம் உண்டு. ஜார்க்கண்டில் 2006 முதல் ‘உடான்’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் நடத்திவந்தார்கள். எதிர்ப்பு வந்தபோது பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, பெயரையும் பாடத்தையும் அவர்கள் ஏற்கிற மாதிரி அமைத்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது. பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பது தவறு என்றும் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான் அது. 2025 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் காத்திராமல் இன்னும் சிறு வயதிலேயே ஆரம்பியுங்கள் என்றது.

வருஷத்துக்கு ஒரு நாள் டாக்டரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது காதுகுத்து மாதிரி: ஒரு நாள் கூத்து, மறுநாள் மறந்துபோகும். வாராவாரம், பிள்ளைகள் தினமும் பார்க்கிற டீச்சரே பேச வேண்டும். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளி நலத் திட்டம் இதைத்தான் சொல்கிறது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், முடிந்தால் ஒரு ஆண், ஒரு பெண்; அவர்களுக்குப் பயிற்சி; வாரத்தில் ஒரு வகுப்பு. சின்னப் பிள்ளைக்கு உடம்பின் உறுப்புகளைச் செல்லப் பெயர் வைக்காமல் நேர்ப் பெயரில் சொல்லிக்கொடுத்தால் போதும். கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ அந்தக் குழந்தை சொல்வது விளங்க வேண்டுமே! பத்து வயதுக்கு மேல் உடம்பின் மாற்றம். அதற்கு மேல் ஈர்ப்பு, செல்போன், வேண்டாம் என்று சொல்லுகிற தைரியம், சட்டம்.

சட்டத்தை அழுத்திச் சொல்கிறேன், முக்கியமாகப் பையனைப் பெற்றவர்களுக்கு. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதம் சம்மதமே அல்ல. பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் காதல் என்று கிளம்பிப் போனால் பெண் வீட்டார் புகார் கொடுப்பார்கள். பையன் சிறார் இல்லத்தில் இருப்பான். விடலைக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வருத்தப்பட்டுச் சொன்னது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். அதைப் பதினைந்து வயதில் அவனுக்கு யார் சொல்வது?

இதோடு வீட்டு வைத்தியமாக இரண்டொன்று. பெண் வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம். 21 நாளிலிருந்து 45 நாள் வரைக்கும் தள்ளலாம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பதினைந்து வயதாகியும் வராவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது; நமக்கு இதில் குறைவில்லை. பையன்களுக்கு மார்பு லேசாக வீங்கி, தொட்டால் வலிக்கும். ஏறக்குறையப் பாதிப் பையன்களுக்கு இது வந்து, ஓரிரு வருஷத்தில் தானே வடிந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு வெயில் காலத்திலும் பனியனுக்கு மேல் பனியன் போடுகிற பையன் உங்கள் வீட்டில் இருந்தால், அவனிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஏழு தாய்மார் சேர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தோம். பையன்களுக்கும் வகுப்பு வேண்டும் என்று கேட்டோம். “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நாளைக்கு ஒருத்தர் வந்து என்னைக் கேக்கக் கூடாது” என்றார். நியாயம்தான். எழுதினோம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அம்மா போன் பண்ணினார்: “அக்கா, எம் பேரை அடிச்சிடுங்க. வூட்டுக்காரரு திட்றாரு.” அடித்தேன். ஆறு பேர் கையெழுத்தோடு கொடுத்தோம். ‘நாம புள்ள பெத்துக்கலையா’ என்று கேட்டுச் சிரிக்கவைத்தாரே, அவர் அந்த ஆறில் ஒருவர்.

டிரில் மாஸ்டர் முன்வந்தார். அறிவியல் டீச்சரும் அவருமாகப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். முதல் வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வகுப்பில் வைத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றார்கள். டப்பாவைத் திறந்தபோது நிறையச் சீட்டு இருந்ததாகத் தலைமையாசிரியை பிறகு எங்களிடம் சொன்னார். குரல் உடைந்தது எப்போது சரியாகும், உயரம் நின்றுபோயிற்றா, மார்பு வீங்கினால் பொண்ணாக மாறிவிடுவேனா, ஒரு பொண்ணு என்னோடு பேசவில்லை, நான் என்ன தப்பு செய்தேன்… கேலிக்காக எழுதினதும் நாலைந்து இருந்ததாம்.

ஒரு சீட்டில் மட்டும் கேள்விக்குறி இல்லை. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வருவதாகவும், அவர் வருகிற நாளில் தான் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வதாகவும் எழுதியிருந்ததாம்.

பள்ளியின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். தலைமையாசிரியை கையெழுத்தைப் பார்த்து ஆளைத் தேடவில்லை. மறுநாள் காலை வழிபாட்டில், 1098 என்ற எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதவைத்தார். கூப்பிடக் காசு வேண்டாம், பையன், பெண் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றார். பள்ளி விட்டபின் ஐந்து மணி வரை தன் அறை திறந்திருக்கும், உள்ளே வருகிற யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டேன் என்றும் சொன்னாராம். நான்காம் நாள் ஒரு பையன் போயிருக்கிறான். யார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்டப்படி யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவர்களுக்குத் தெரிவித்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

டிரில் மாஸ்டரின் வகுப்பு இப்போது வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடக்கிறது. பிஸ்கட் டப்பா அங்கேயேதான் இருக்கிறது. பெயரை அடிக்கச் சொன்ன அம்மாவின் பையனும் வகுப்பில் உட்காருகிறான்.